ஓரகத்தி சுற்றிய எழுத்து

பவளத்துக்கும் செல்லத்துக்கும் நடுவில் இருந்தது ஒரே ஒரு பலகைச் சுவர். தேயிலைத் தோட்டத்து லய வரிசையில் ஏழாம் நம்பர் வீடு பவளத்துடையது. எட்டாம் நம்பர் செல்லத்துடையது. பவளத்தின் புருஷன் மாடசாமி அண்ணன், செல்லத்தின் புருஷன் சின்னையா தம்பி. அண்ணன் தம்பி இரண்டு பேரும் ஒரே பீடியை மாற்றி மாற்றி இழுக்கிற அளவுக்கு ஒற்றுமை. ஓரகத்திகள் இரண்டு பேரும்தான் ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்கும்போதுகூட ஆளுக்கொரு மலையைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

சாயங்காலம் ஆனால் அந்தப் பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் உஷா படிப்பாள். செல்லத்தின் மகள், நாலாம் வகுப்பு. தகரக் கூரையில் மழை கொட்டினாலும் அந்தக் குரல் அதைத் தாண்டிக்கொண்டு வரும். எங்கும் நிற்காது, திக்காது. குழாயைத் திறந்துவிட்ட மாதிரி வந்துகொண்டே இருக்கும்.

சுவருக்கு இந்தப் பக்கம் குணவதி. பவளத்தின் மகள். அதே வகுப்பு, அதே பெஞ்சு. உஷாவைவிடப் பதினோரு நாள் மூத்தவள். அவள் மடியிலும் அதே புத்தகம்தான் விரிந்திருக்கும். வாய் மட்டும் திறக்காது.

"அவ படிக்கிறா பாரு. காதுல விழுதா?"

"விழுதும்மா."

"அதே புஸ்தகந்தானே? அவளுக்கு மட்டும் எழுத்து பெரிசா போட்டுக் குடுத்திருக்கானா?"

குணவதி புத்தகத்தின் ஓரத்தை மடித்துக்கொண்டிருப்பாள். பவளம் முதுகில் ஒன்று வைப்பாள். அந்தச் சத்தம் கேட்டதும் சுவருக்கு அந்தப் பக்கம் உஷாவின் குரல் ஒரு நொடி நிற்கும். பிறகு இன்னும் கொஞ்சம் உரக்க ஆரம்பிக்கும். செல்லம்தான் அப்படிச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள் என்று பவளம் முடிவே கட்டியிருந்தாள்.

பவளத்துக்கு எழுத்து தெரியாது. ஏழு வயதில் தாய் கையைப் பிடித்துக்கொண்டு கொழுந்துக்காட்டுக்குப் போனவள். ஒருநாள் உஷாவின் நோட்டையும் குணவதியின் நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். இரண்டிலும் வளைவும் நெளிவும்தான். எது சரி, எது தப்பு என்று அவளுக்குப் புரியவில்லை. ஒன்றில் மட்டும் பக்கம் முழுக்கச் சிவப்பு மை. அந்தச் சிவப்பைப் பார்த்துத்தான் அவள் அடித்தாள். தனக்கே தெரியாத ஒன்றுக்காகப் பிள்ளையை அடிக்கிறோம் என்கிற நினைப்பு வந்தால், இன்னும் ஒரு அடி சேர்த்து விழும்.

செல்லம் வேறு மாதிரி. ரிங்லெட் டவுனிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள், ஆறாம் வகுப்பு வரை படித்தவள். அதனால் துரை அவளை ஆயாக்கொட்டகையில் போட்டுவிட்டார். கொழுந்து பறிக்கப் போகிற பெண்கள் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற இடம் அது. மழையில்லை, அட்டைக்கடி இல்லை. பவளம் சாக்கை இடுப்பில் சுற்றிக்கொண்டு காலையில் மலையேறும்போது, செல்லம் பவுடர் பூசிக்கொண்டு கொட்டகையைத் திறப்பாள். அதைப் பார்த்தாலே பவளத்துக்கு அன்றைய கூடை கனக்கும்.

அது எழுபத்தெட்டாம் வருஷம். தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போது, பெரிய வாத்தியார் கனகராஜ் பவளத்தைப் பள்ளிக்கூடத்துக்கு வரச் சொல்லி அனுப்பினார். போய் நின்றாள்.

"ரெண்டு வாத்தியாரு, ஆறு வகுப்பும்மா. நான் என்ன பண்ணட்டும்?" என்றார். கெட்ட மனுஷன் இல்லை. சலித்துப்போன மனுஷன். "உன் மவளுக்கு 'தேயிலை'ன்னு எழுதத் தெரியல. தேயிலைத் தோட்டத்துல பொறந்து, தேயிலையில வளந்து, தேயிலைன்னு எழுதத் தெரியலன்னா எப்படி?"

குணவதியின் சிலேட்டைத் தூக்கிக் காட்டினார். பவளம் தலையாட்டினாள். அவளுக்கு அது நன்றாகத்தான் தெரிந்தது.

"அடுத்த வருஷம் அஞ்சாம் வகுப்பு. கவர்மெண்டு சோதனை இருக்கு. பள்ளிக்கூடம் மூடுற அன்னிக்கி, நான் காட்டுற பக்கத்த என் முன்னால வாசிக்கட்டும். வாசிச்சா ஏத்துறேன். இல்லன்னா நிறுத்திடு. புள்ளைய சும்மா உக்கார வச்சு என்ன பண்றது? ஆயாக்கொட்டகையில செல்லத்துக்கு ஒத்தாசைக்கு ஆள் வேணுமாம். சேத்துவிடு, பழகிக்கும்."

நிறுத்திடு என்றதுகூடப் பவளத்துக்கு அவ்வளவு பெரிதாகப் படவில்லை. செல்லத்துக்கு ஒத்தாசை என்றாரே, அதுதான் மிளகாய் மாதிரி இறங்கியது. தன் மகள், மூத்தவள் வயிற்றில் பிறந்தவள், செல்லத்தின் கீழே நின்று பிள்ளைகளுக்குக் கால் கழுவுவாளா? "குணா, அந்தத் துணியக் கொண்டா", "குணா, இங்க கூட்டு" என்று அவள் ஏவ, இது ஓட வேண்டுமா?

வீட்டுக்குத் திரும்புகிற வழியில் குணவதியிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "நீ படிக்கல, உன்ன நான் வெட்டிப் பொலி போட்டுருவேன்."

எழுத்து இப்படிக் குழம்பிப் போகிற குறைக்கு இப்போது ஒரு பெயர் இருக்கிறது. அதற்கென்று படித்த டீச்சர்கள் இருக்கிறார்கள். அன்று அந்த மலையில் அதற்கு 'மக்கு' என்றுதான் பெயர். மலாய்க்காரப் பிள்ளையாக இருந்தால் 'போடோ'. அதோடு விஷயம் முடிந்துவிடும்.

பத்து நாள் போயிருக்கும். ஒரு மத்தியானம் மழை இடியோடு பிடித்துக்கொண்டது. மணியம் கங்காணி, "இடி விழுந்து நாலு பேரு கருகிப் போனா துரைக்கு யாரு பதில் சொல்றது? எல்லாரும் எறங்குங்க" என்று நேரத்தோடு ஆட்களை விட்டுவிட்டார். பவளம் நனைந்துகொண்டே ஆயாக்கொட்டகையைத் தாண்டும்போது உள்ளே ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. யார் பிள்ளை இப்படிச் சிரிக்கிறது என்று நினைத்தாள். இரண்டு அடி போன பிறகுதான் அது தன் பிள்ளை என்று தெரிந்தது.

ஜன்னல் ஓரமாக நின்று பார்த்தாள். தொட்டில்களில் குழந்தைகள் தூங்கிக்கொண்டிருந்தன. தரையில் செல்லம் தீபாவளி முறுக்குக்கு மாவு பிசைந்து வைத்திருந்தாள். செல்லத்தின் கைமுறுக்குக்கு அந்தத் தோட்டத்தில் பெயர் உண்டு. பக்கத்தில் குணவதி பழைய பேப்பரை விரித்து, அரிசி மாவைத் திரித்துத் திரித்துச் சுற்றிக்கொண்டிருந்தாள். அவள் கை அப்படி ஓடியது. ஆனால் அவள் சுற்றியது முறுக்கு இல்லை. ஏதோ கோணல்மாணலாக இருந்தது.

உஷா ஒரு மூலையில் உட்கார்ந்து, கயிறு மாதிரி ஒன்றைச் சுற்றிவிட்டு முகத்தைச் சுளித்தாள். "எனக்கு வரலம்மா."

"உனக்கு வராது, விடு. உன் கை உலக்கை. குணா, இத என்னன்னு சொல்லு." செல்லம் சட்டியில் பொரித்து வைத்த ஒன்றை எடுத்துப் பேப்பரில் போட்டாள்.

குணவதி உற்றுப் பார்த்தாள். "தே."

"பாத்தியா, தப்பு. நீ திருப்பிப் போட்ட பக்கத்தப் பாக்குற. கொம்பு எங்க இருக்கு? பின்னால. எண்ணெயில திருப்பிப் போட்டேன்ல, அதான் மாறிப் போச்சு. இப்ப திருப்பு. ஆங். கொம்பு முன்னால வந்துச்சா? இதான் தே. நீ நோட்டுல எழுதுற தே எல்லாம் திருப்பிப் போட்ட முறுக்குடி."

குணவதி முறுக்கை இப்படியும் அப்படியும் திருப்பினாள். "சித்தி, கூடைய இந்தப் பக்கம் திருப்புனாலும் கூடைதான், அந்தப் பக்கம் திருப்புனாலும் கூடைதான். பூனையும் அப்பிடித்தான். எழுத்து மட்டும் ஏன் திருப்புனா வேறயாப் போவுது?"

செல்லம் மாவை ஒரு குத்துக் குத்தினாள். "அதுக்கு அவ்ளோ திமிரு" என்றாள். அதற்குத்தான் குணவதி மறுபடி சிரித்தாள். பிறகு மூன்று முறுக்கை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றாக விரலால் தடவிக்கொண்டே, "தே... யி... லை" என்றாள். கடைசி எழுத்தில் அவளுக்குக் குழப்பமே இல்லை. அந்தக் காலத்து லை-க்கு யானைத் தும்பிக்கை மாதிரி ஒன்று மேலே வளைந்திருக்கும். அது எப்படித் திருப்பினாலும் யானைதான்.

ஒரு தாய்க்கு இதைக் கேட்டால் என்ன வர வேண்டும்? சந்தோஷம்தானே வர வேண்டும். பவளத்துக்கு வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. நாலு வருஷம் தான் அடித்தும், கெஞ்சியும், கோயிலில் நேர்ந்தும் வராத சத்தம். அது இவள் கொட்டகையில், இவள் மாவில், இவள் முன்னால் வருகிறது. அந்தச் சிரிப்பும் இங்கேதான் வருகிறது. வீட்டில் அந்தப் பிள்ளை பல்லைக் காட்டி எத்தனை நாள் ஆகிறது?

ஈரச் சேலையோடு உள்ளே போனாள்.

"எந்திரி."

"அம்மா, நான் தேயிலை..."

"எந்திரிடின்னேன்."

செல்லம் மாவுக் கையோடு நிமிர்ந்தாள். "வாங்கக்கா, சொட்டச் சொட்ட நனைஞ்சு வந்திருக்கீங்க. உங்க மவதான், நான் ஒண்ணும் கடத்திக்கிட்டுப் போகல."

"பள்ளிக்கூடம் விட்டா வீட்டுக்குப் போகச் சொல்லிருக்கேன். இங்க என்ன, உன் முறுக்கு வியாபாரத்துக்குக் கூலியில்லாத ஆளா?"

"வியாபாரமா? எழுத்துச் சொல்லிக் குடுக்கிறேன்லா."

"ஓகோ. நீ சொல்லிக் குடுத்து என் மவ படிக்கணும். அப்புறம் குழாயடியில நின்னு சொல்லுவ, பெத்தவ மூத்தவ, கண்ணத் தொறந்தவ எளையவன்னு."

"சொன்னாத்தான் என்ன? பொய்யா?" செல்லத்துக்கும் ரோஷம் வந்துவிட்டது. "நீங்க நாலு வருஷமா முதுகுலயே எழுதுனீங்க. ஒரு எழுத்தாவது உள்ள போச்சா?"

தொட்டிலில் ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது. பவளம் வாயில் வந்ததை விழுங்கிக்கொண்டு, குணவதியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள். மழையில் பாதி வழி வந்த பிறகுதான் பார்த்தாள். பிள்ளை மற்றொரு கையில் ஒரு மைலோ டின்னை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தது.

"என்னது?"

"சித்தி பொரிச்சுக் குடுத்த எழுத்து."

"இனிமே அந்தப் பக்கம் கால வச்ச, கால ஒடிச்சிருவேன்."

குணவதி போகவில்லை. சொன்ன சொல் கேட்கிற பிள்ளை. ஆனால் வாசிக்கவும் இல்லை. பவளம் நாலு நாள் பொறுத்துப் பார்த்தாள். ஐந்தாம் நாள் அவளே அரிசி மாவு பிசைந்து, பேப்பரை விரித்து, பிள்ளையை உட்கார வைத்தாள். செல்லம் செய்ததைத்தானே தானும் செய்யப் போகிறோம், இதில் என்ன பெரிய மந்திரம்?

"சுத்து."

"எந்த எழுத்தும்மா?"

"ஏதாவது சுத்து. சுத்திட்டுப் படி."

குணவதி ஒன்றைச் சுற்றினாள். தாயின் முகத்தைப் பார்த்தாள். "இது சரியா இருக்காம்மா?"

பவளம் குனிந்து பார்த்தாள். வளைவு. நெளிவு. "நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

"உனக்குத்தான் தெரியாதேம்மா."

குத்திக் காட்டுகிற குரல் இல்லை அது. மழை வருகிறது என்று சொல்வது மாதிரி சாதாரணமாகச் சொன்னாள். பவளம் எழுந்து போய் அடுப்பை ஊதினாள். அடுப்பு நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாடசாமிக்கு ஃபாக்டரி வேலை இல்லை. மத்தியானம் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து, "ஏ புள்ள, தே போடு" என்றான். மலாய்க்காரர் கடையில் தேத்தண்ணிக்குப் பெயர் 'தே' என்பது எல்லாருக்கும் தெரியும். ரிங்லெட்டுக்குப் போய்ப் போய் மாடசாமிக்கு வீட்டிலும் அதே பேச்சுத்தான்.

பவளம் தேத்தண்ணி ஊற்றினாள். கடிக்க ஏதாவது வேண்டுமே என்று அலமாரியைப் பார்த்தாள். மைலோ டின் கண்ணில் பட்டது. அது எழுத்து என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்தேதான் எடுத்தாள். ஓரகத்தி வீட்டு முறுக்கை இன்னும் எத்தனை நாளைக்கு என் வீட்டில் சாமி மாதிரி வைத்துக் கும்பிடுவது? தின்றால் தீர்ந்தது. தட்டில் கொட்டிக் கொண்டுபோய் வைத்தாள்.

மாடசாமி ஒன்றை எடுத்துக் கடித்தான். "என்ன முறுக்கு இது, கால் வேற கை வேறயா இருக்கு? ஆனா ருசி நல்லாருக்கு."

வெளியிலிருந்து வந்த குணவதி வாசலிலேயே நின்றுவிட்டாள். "அப்பா! தேப்பா!"

"தேயா? இந்தாம்மா, குடி." மாடசாமி கிளாஸை நீட்டினான்.

"அது இல்லப்பா! தே! தே!"

"அதான் குடுக்கிறேனே. சூடு கம்மியாத்தான் இருக்கு, குடி."

"ஐயோ, நீ தின்னுக்கிட்டு இருக்கிறது தேப்பா!" குணவதி ஓடி வந்து அவன் கையிலிருந்த மிச்சத்தைப் பிடுங்கினாள். பார்த்துவிட்டு அழுதே விட்டாள். "கொம்பத் தின்னுட்ட. இப்ப இது வெறும் 'த'தான்."

மாடசாமி மென்றுகொண்டிருந்ததை மெல்லவும் முடியாமல் துப்பவும் முடியாமல் பெண்டாட்டியைப் பார்த்தான். "நான் எந்தக் கொம்ப புள்ள தின்னேன்?"

பவளம் மகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். வாசலில் நின்ற பிள்ளை, யாரும் சொல்லாமல், அப்பன் கையில் இருந்த ஒரு துண்டு முறுக்கைப் பார்த்து இன்ன எழுத்து என்று சொல்லிவிட்டது. பாதி போனதும், போன பாதி எது, நின்ற பாதி எது என்றும் சொல்கிறது. இதற்குப் பெயர் படிப்பு இல்லாமல் வேறு என்ன?

தட்டிலிருந்து இன்னொன்றை எடுத்தாள். "இது என்னடி?"

குணவதி மூக்கை உறிஞ்சிக்கொண்டு, அதை வாங்கித் திருப்பிப் பிடித்தாள். "நீ தலகீழா வச்சிருக்கம்மா. இது யி."

சரியா தப்பா? சொல்ல அந்த வீட்டில் ஆள் இல்லை. பவளம் அந்த முறுக்கையும், கொம்பு போன முறுக்கையும் முந்தானையில் முடிந்துகொண்டு வெளியே வந்தாள். ஏழாம் நம்பருக்கும் எட்டாம் நம்பருக்கும் ஆறு அடி தூரம்தான் இருக்கும். மூன்று தடவை பாதியில் நின்றாள்.

செல்லம் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். பார்த்துவிட்டுக் கையில் இருந்த சட்டையை இன்னும் இரண்டு தடவை உதறினாள்.

"என்னக்கா, முறுக்குல உப்பு கம்மியா?"

"இது என்ன எழுத்து?"

செல்லம் பார்த்தாள். "யி."

"இது?"

"த. யாரு கடிச்சது?"

"உன் மாமாதான்." பவளம் கொடியில் கிடந்த ஈரத் துணியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "சரியாத்தான் சொல்லிருக்கா."

"சொல்லாம? நான் சொல்லிக் குடுத்தது." செல்லம் சட்டையைக் கொடியில் போட்டாள். "உள்ளத சொல்லிடறேன்க்கா. அவ மேல பாசம் பொங்கி நான் கூப்புடல. தீபாவளி முறுக்குக்கு ஒரு கை கொறைஞ்சுச்சு, கூப்புட்டேன். மொத நாளே ஆறு சுத்து சுத்தி வைக்கிறா. பத்து வருஷமா சுத்துற எனக்கே எரிச்சலாப் போச்சு. என் மவளுக்கு ஒரு சுத்து வரல. இந்தக் கைக்கு எழுத்து மட்டும் எப்படி வராமப் போகும்னு பாத்தேன். அவ்ளோதான்."

எரிச்சல் என்ற வார்த்தையைக் கேட்டதும் பவளத்துக்கு நெஞ்சில் கொஞ்சம் குளிர்ந்தது. அப்படியானால் எரிவது ஒரு வீட்டில் மட்டும் இல்லை.

"நாளையிலேருந்து அனுப்புறேன்" என்றாள். "ஆனா ஒண்ணு. நானும் வந்து உக்காருவேன்."

"நீங்க எதுக்கு?"

"எம் புள்ள, நான் உக்காருவேன். சும்மா உக்காரல, அழுற புள்ளைங்கள ஆட்டுறேன். உனக்கென்ன சூசா, சிரமமா?"

"எனக்கென்ன சூசா, வாங்க. ஈரச் சாக்க மட்டும் வெளிய வச்சிட்டு வாங்க. புள்ளைங்களுக்குச் சளி புடிக்கும்."

அதற்குப் பிறகு சாயங்காலம் கொழுந்து நிறுத்துப் போட்டதும் பவளம் நேரே கொட்டகைக்குத்தான் போனாள். யாரோ பெற்ற குழந்தையை மடியில் போட்டு ஆட்டிக்கொண்டே பார்த்தாள். பார்த்தாள் என்றால், படிப்பை மட்டும் பார்க்கவில்லை. குணவதி ஒரு எழுத்தைச் சரியாகச் சொன்னதும் முதலில் யார் முகத்தைப் பார்க்கிறாள் என்று பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் செல்லத்தின் முகத்தைத்தான் பார்த்தது பிள்ளை. மடியில் இருந்த குழந்தை பவளத்தின் ஆட்டலில் தலைசுற்றி அழுதது.

தீபாவளி வந்து போனது. பொரித்த எழுத்து எல்லாம் சரியாக வந்தது. சிக்கல் புத்தகத்தில்தான். புத்தகத்தில் எழுத்துகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். தொட்டுப் பார்க்க முடியாது. கொம்பு வந்ததும் குணவதி அதை முன்னால் இருக்கிற எழுத்தோடு ஒட்டிவிடுவாள். 'மலை மேலே' என்று இருந்தால், மே-யின் கொம்பைக் கொண்டுபோய் லை-யின் வாலில் கட்டுவாள். பிறகு எல்லாம் குளறிப்போகும்.

செல்லம் பத்துத் தடவை சொன்னாள். "கொம்பு முன்னால நிக்கும், ஆனா அடுத்த எழுத்தோட சேத்து வாசிக்கணும்." பதினோராம் தடவை குரல் ஏறியது. "எத்தன வாட்டிடி சொல்றது? மண்டையில என்ன இருக்கு?"

குணவதி வாயை மூடிக்கொண்டாள். அந்த மூடல் பவளத்துக்குத் தெரியும். நாலு வருஷமாகத் தன் வீட்டில் பார்த்த மூடல். செல்லத்திடமும் அது வந்துவிட்டதே என்று முதலில் ஒரு சின்ன சந்தோஷம்கூட வந்தது. உடனே வெட்கமாகவும் இருந்தது. பள்ளிக்கூடம் மூட இன்னும் எட்டே நாள்தான்.

"ஏ செல்லம்" என்றாள். "அந்தக் கொம்பு எங்க நிக்குதுன்ன?"

"முன்னால."

"தனியா சத்தம் குடுக்குமா?"

"குடுக்காது. பின்னால வர்ற எழுத்துக்குத்தான் சத்தம்."

"அப்ப அது நம்ம மணியம் கங்காணிதானே?"

செல்லம் விழித்தாள். பவளம் குழந்தையை இறக்கி வைத்துவிட்டு எழுந்தாள். கையைப் பின்னால் கட்டி, வயிற்றை முன்னால் தள்ளி, மணியம் கங்காணி மாதிரியே நாலு அடி நடந்து காட்டினாள்.

"காலையில பேரு கூப்புட்டுப் பெரட்டு முடிஞ்சு மலையேறுறோம்ல. மொதல்ல யாரு போறது? கங்காணி. கையில கூடை இருக்கா? இல்ல. கொழுந்து பறிப்பாரா? மாட்டாரு. முன்னால சும்மா நடப்பாரு. வேலையெல்லாம் பின்னால வர்ற எங்களுக்குத்தான். குணா, அவருக்கு முன்னால இன்னொரு கும்பல் போவுதுன்னு வை. மணியம் கங்காணி எந்தக் கும்பலுக்குக் கங்காணி? முன்னால போறதுக்கா, பின்னால வர்றதுக்கா?"

"பின்னால வர்றதுக்கு!" குணவதி சிரித்துவிட்டாள். "முன்னால போற கும்பலுக்கு வேற கங்காணிம்மா!"

"ஆங். இப்ப வாசி."

விரலை வைத்தாள். "மலை..." நின்றாள். கொம்பைப் பார்த்து, "கங்காணி" என்று முணுமுணுத்தாள். "மே... லே... மலை மேலே!"

சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். இந்தத் தடவை பவளத்தின் முகத்தைத்தான் பார்த்தாள்.

செல்லம் புத்தகத்தை மூடினாள். "பரவால்லயே. படிக்காதவங்க சொல்லிக் குடுக்கிறதும் ஒரு மாதிரி புரியத்தான் செய்யுது" என்றாள். அவள் முகம் சுண்டிப்போயிருந்தது. பவளம் அன்றைக்கு வீட்டுக்குப் போய் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டாள்.

பள்ளிக்கூடம் மூடுகிற நாள் பவளம் வேலைக்குப் போகவில்லை. நல்ல சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டாள். "நீ வர வேணாம்" என்று செல்லத்திடம் முதல் நாளே சொல்லியிருந்தாள். செல்லம், "நான் எதுக்கு வர்றேன்? எம் மவள கூட்டியாரத்தான் வருவேன்" என்று சொல்லிவிட்டுக் குடையோடு கேட்டில் வந்து நின்றாள். உஷா எப்போதும் தானாக வருகிற பிள்ளை.

பெரிய வாத்தியார் புத்தகத்தை நடுவில் பிரித்து, குணவதி பார்க்காத ஒரு பக்கத்தைக் காட்டினார். குணவதி விரலை வைத்தாள். முதல் வரிக்கே ஒரு யுகம் ஆனது. பெரிய வாத்தியார் கடிகாரத்தைப் பார்த்தார். பவளம் சுவரோடு சுவராக நின்றாள். பிள்ளை ஒவ்வொரு எழுத்தையும் பாறையைப் புரட்டுகிற மாதிரி புரட்டியது.

"மேகம்... கருத்து... வந்தது. கங்காணி... வேலி... ஓரம்..."

"நடுவுல என்ன முணுமுணுக்கிற? புஸ்தகத்துல கங்காணி எங்க இருக்கு?"

"இருக்காரு சார். ரெண்டு பேரு வந்துட்டாங்க."

பெரிய வாத்தியார் புத்தகத்தை எட்டிப் பார்த்தார். ஒன்றும் விளங்காமல், "சரி, மேல போ" என்றார். மேலே போனாள். ஒரு இடத்தில் தப்பினாள், அவளே திரும்பி வந்து திருத்திக்கொண்டாள். உஷா மூன்று மூச்சில் முடிக்கிற பக்கம். குணவதிக்கு மணி அடித்த பிறகும் நாலு வரி மிச்சம் இருந்தது. மற்ற பிள்ளைகள் எல்லாம் வெளியே ஓடிவிட்டார்கள். பெரிய வாத்தியார் எழுந்திருக்கவில்லை. கடைசி வரி வரைக்கும் உட்கார்ந்து கேட்டார்.

"நத்தை மாதிரி போறா" என்றார். "ஆனா போறா. அஞ்சாம் வகுப்புக்கு வரட்டும். முன் பெஞ்சுல உக்காரட்டும்."

பவளத்துக்குக் கண் நிறைந்துவிட்டது. கும்பிட்டாள்.

"இவ்ளோ சீக்கிரம் எப்படிம்மா? யாரு சொல்லிக் குடுத்தது?" கேட்டது பவளத்தை இல்லை, குணவதியை.

குணவதி வாயைத் திறந்தாள். திறந்தவள் தாயைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, மெதுவாக மூடிக்கொண்டாள்.

அந்த மூடலைப் பவளத்தால் தாங்க முடியவில்லை. இத்தனை நேரம் பாறை புரட்டிய பிள்ளை, ஒரு பெயரைச் சொல்லப் பயப்படுகிறது. எந்தப் பெயரைச் சொன்னால் வீட்டில் அடி விழும் என்று அதற்குத் தெரிந்திருக்கிறது. சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றது பிள்ளை.

பவளம் மேசைக்குக் கிட்டே வந்தாள். "எங்க செல்லம்தான் சார்" என்றாள். "என் ஓரகத்தி. அவதான் மாவுல எழுத்து சுத்திச் சுத்திச் சொல்லிக் குடுத்தா. நான் தடுத்தும் பாத்தேன்."

சொல்லி முடித்ததும் மூச்சு வாங்கியது. மலையேறி வந்த மாதிரி இருந்தது. பெரிய வாத்தியார் தலையாட்டிக்கொண்டே புத்தகங்களை அடுக்க ஆரம்பித்தார். பவளம் வாசல் வரை போனாள். அதற்கு மேல் போக மனசு வரவில்லை. திரும்பி வந்தாள்.

"சார், அந்தக் கங்காணி மட்டும் நான் சொன்னது."

கேட்டில் செல்லம் எக்கி எக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். உஷா குடைக்குக் கீழே ரிப்போர்ட்டு கார்டைப் பிரித்துப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்னக்கா ஆச்சு?"

"ஏத்திட்டாரு. முன் பெஞ்சு."

"அப்பாடா." செல்லம் குணவதியின் கன்னத்தைக் கிள்ளி வாயில் வைத்துக்கொண்டாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "யாரு சொல்லிக் குடுத்தான்னு கேட்டிருப்பாரே?"

"கேட்டாரு."

"என்ன சொன்னீங்க?"

"மழை வருது, நட."

"சொல்லுங்கக்கா. என்ன சொன்னீங்க?"

குணவதிக்குச் சொல்லிவிட உதடு துடித்தது. பவளம் அவள் கையைப் பிடித்து மெல்ல ஒரு அழுத்து அழுத்தினாள். அடிக்கிற அழுத்து இல்லை. குணவதி தாயை நிமிர்ந்து பார்த்துவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டாள். லயம் வந்து சேருகிற வரைக்கும் செல்லம் கேட்டுக்கொண்டே வந்தாள். பவளம் வாயே திறக்கவில்லை.